தம்பியின் ‘கேன்’

எதிர் நாற்காலியில் டிஷ்யூ பாக்கெட்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தேன். தேக்கா உணவங்காடியில் மதிய நேரம். என் தம்பி சுகுமாரன் வழக்கம்போலத் தாமதம்.

எனக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. டயாலிசிஸ்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. உன்னுடையதில் ஒன்றைத் தருவாயா என்று தைப்பூசத்தன்று அவனிடம் கேட்டேன்.

“கேன்” என்றான்.

முடியும் என்று அர்த்தமாம். இந்தத் தீவில் எல்லாரும்தான் சொல்கிறோம். மீன்கடைச் சீனரிடம் ‘கேன்?’ என்று கேட்டால் ‘கேன் கேன்’ என்பார், தலையை வெட்டிச் சுத்தம் செய்து கொடுத்துவிடுவார். மற்றவர் வாயில் நாணயமாக இருந்த சொல், என் தம்பி வாயில் விழுந்து சீரழிந்தது.

அவன் ‘கேன்’ என்றால், ஆளை விடு.

‘கேன் லா’ என்றால், காது வலிக்கிறது, நிறுத்து.

‘கேன் கேன்’ என்று இரண்டு தடவை சொன்னால், செத்தாலும் நடக்காது. அம்மா சாகக் கிடந்தபோது வரச் சொன்னேன். இரண்டு தடவைதான் சொன்னான். மண்டாய் தகனச் சாலைக்கு வந்து சேர்ந்தான், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு.

‘கேனாட்’ என்று மட்டும் அவன் சொல்லி நான் கேட்டதில்லை. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லவும் ஒரு தைரியம் வேண்டுமே.

ஒருவழியாக வந்தான். முகம் உப்பிக் கிடந்தது. ராத்திரி எங்கே விழுந்து கிடந்தானோ. காலில் ரப்பர்ச் செருப்பு, பாதம் இரண்டு பக்கமும் வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. அளவு பார்த்துச் செருப்பு வாங்கக்கூடத் துப்பில்லை.

ஆட்டுக்கால் சூப் என்றால் உயிரை விடுவான். வாங்கி வைத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு “உப்பு கரிக்குதுக்கா” என்று தள்ளிவிட்டான். துரைக்கு உப்பு கூடிவிட்டதாம்.

கோப்பி வந்தது. இரண்டு மடக்கோடு நிறுத்திக்கொண்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குத் தண்ணீர் அளவுதான். கூடக் குடித்தால் உடம்பில் தங்கிவிடும். டயாலிசிஸ் தாதி என் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பார்ப்பாள். பள்ளம் விழுந்தால் திட்டு விழும். தாகத்துக்கு ஐஸ் கட்டியைக் கடிக்காமல் வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். அதற்குத்தான் ஒரு குவளையில் இரண்டு ஐஸ் கட்டிகளோடு நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறேன். இவன் என் கண்ணெதிரிலேயே முழுக் கோப்பியை வீணாக்குகிறான்.

“டேய், உன் கேனையெல்லாம் மூட்டை கட்டி வை. ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பாத்தியா இல்லியா? இல்ல, அம்மாவுக்கு வந்த மாதிரி எனக்கும் மண்டாய்க்குத்தான் வருவியா?”

“போனேன்க்கா. எல்லா டெஸ்டும் எடுத்துட்டாங்க.” மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “கேனாட்.”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக இந்தச் சொல் இவன் வாயிலிருந்து வருகிறது, அதுவும் என் உயிர் விஷயத்தில்.

“ஏன், கத்தின்னா பயமா?”

அவன் உதட்டை நக்கிக்கொண்டான். பிறகு கையை நீட்டி, என் குவளையிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்து வாயில் போட்டான். கடிக்கவில்லை. கன்னத்தில் ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு அடக்கி வைத்திருந்தான்.

நான் மேசைக்கு அடியில் குனிந்தேன். அவன் காலை இழுத்து, கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அமுக்கினேன்.

பள்ளம் விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அப்படியே இருந்தது.

“மடையா” என்றேன்.

மிச்சமிருந்த ஐஸ் கட்டியைக் குவளையோடு அவன் பக்கம் தள்ளினேன்.