எழுதிக் கொடுத்த திமிர்

"இன்சூரன்ஸ் எங்ககிட்டதான் எடுக்கணும்க்கா. அது இங்க ரூல்" என்று சேல்ஸ் பெண் ஷைனி நாலாவது தடவையாகச் சொன்னாள்.

ராஜாத்திக்குச் சுர்ரென்று ஏறியது.

அதுவரைக்கும் எல்லாம் அவள் சொன்னபடிதான் நடந்தது. பத்து மணிக்குத் திருவொற்றியூர் கார் ஷோரூமுக்குள் நுழைந்தவள், பன்னிரண்டுக்குள் ஹேண்ட்லிங் சார்ஜை அடித்துத் தூக்கிவிட்டாள். சீட் கவர், மேட் எல்லாம் சும்மா வந்துவிட்டது. இருபது வருஷமாகக் காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறவள். விற்கிறவன் மூஞ்சியைப் பார்த்தே இன்னும் எவ்வளவு இறங்குவான் என்று சொல்லிவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் கோதண்டம் வாயைத் திறந்தது காபி குடிக்க மட்டும்தான்.

கடைசியில் இன்சூரன்ஸில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. வெளியே எடுத்தால் இருபத்திரண்டாயிரம் குறைச்சல். அந்தக் கூடுதல் பணம் ராஜாத்தியிடம் இல்லை. நகையெல்லாம் ஏற்கெனவே அடகுக்குப் போயாச்சு.

இது ஆசைக்கு வாங்குகிற வண்டி இல்லை. எண்ணூர் துறைமுகத்துக்கு அடுத்தவன் டிரெய்லரை ஓட்டி ஓட்டி இடுப்பு விட்டுப்போனவன் கோதண்டம். மணலியில் ஒரு கம்பெனி, ஆட்களை ஏற்றி இறக்க வண்டி கேட்டிருந்தது. ஒண்ணாம் தேதி சொந்த வண்டியோடு போய் நின்றால் வேலை. இல்லையென்றால் இல்லை.

இதை ராஜாத்தி ஷைனியிடம் சொல்லவும் செய்தாள். கெஞ்சி இல்லை, அதட்டித்தான்.

"ஒண்ணாந்தேதி எங்க வூட்டுக்காரரு அங்க போய் நிக்கலைன்னா பொழப்பே பூடும். வெளிய எடுத்துக்கினா உனக்கு இன்னா கொறஞ்சுடும்?"

ஷைனி கண்ணாடி ரூமில் இருந்த மேனேஜரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கொட்டேஷன் பேப்பரைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் மளமளவென்று எழுதினாள்.

'இன்சூரன்ஸ் எங்கள் ஷோரூமில்தான் எடுக்க வேண்டும். வெளியே எடுத்தால் வண்டி டெலிவரி தர மாட்டோம்.'

கீழே பெயர், தேதி, கையெழுத்து. அதற்கு மேல் ஷோரூம் சீல் ஒரு குத்து.

"சந்தேகம்னா மேனேஜர்கிட்டயே காட்டிக் கேளுங்கக்கா."

காசிமேட்டு ஏலத்தில் எல்லாம் வாய்ப் பேச்சுதான். லட்ச ரூபாய் சரக்கும் வாயாலேயே கைமாறும். அங்கே ஒருத்தன் சொன்னதை எழுதி நீட்டினால், எதிராளியை நம்பாமல் அவமானப்படுத்துகிறான் என்று அர்த்தம். ராஜாத்திக்கும் அப்படித்தான் பட்டது.

"எழுதி, சீல் குத்திக் குடுக்குறியா? அம்மாம் திமிரா உனக்கு?"

கோதண்டம் "வுடு ராஜாத்தி" என்றான். அவள் விடவில்லை. பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு நேராகக் கண்ணாடி ரூமுக்குள் போய், மேனேஜர் ராமதாஸ் டேபிளில் அடித்தாள்.

"உங்க பொண்ணு கொழுப்பைப் பாருங்க சார். இது மாதிரி ஆளை வெச்சிக்கினு நீங்க ஒரு வண்டி விக்க முடியாது. மொதல்ல இவளை வூட்டுக்கு அனுப்புங்க."

அவர் காதில் எதுவும் விழுந்த மாதிரித் தெரியவில்லை. பேப்பரைப் படித்தார். திரும்பவும் படித்தார். ஏசி ரூமில் அவருக்கு வேர்த்தது.

"உக்காருங்கம்மா" என்றார். தண்ணீர் கொடுத்தார். இன்சூரன்ஸ் எங்கே வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஒண்ணாம் தேதிக்கு முன்னாலேயே வண்டி கையில் இருக்கும் என்றார். பேப்பரை மட்டும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ராஜாத்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். "பாத்தியா? சவுண்டு வுட்டா எவனும் எறங்குவான்" என்றாள் கோதண்டத்திடம். அட்வான்ஸ் கட்டி, ரசீதுக்காக அங்கேயே நின்றார்கள்.

அதற்குள் ஷைனியை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. ராமதாஸ் பேசியது வெளியே நன்றாகக் கேட்டது.

"கஸ்டமர்கிட்ட எதுவா இருந்தாலும் வாயால சொல்லு, எழுதிக் கொடுக்காதேன்னு சொல்லியிருக்கா இல்லையா? யார்கிட்டயும் இப்படிக் கட்டாயப்படுத்த நமக்கு உரிமை இல்ல. இது புகாரா போயிருந்தா ஷோரூமையே மூடியிருப்பாங்க."

"மறந்துட்டேன் சார்."

"மறந்தியா? புதுசா சேர்ற பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்குறதே நீதானே. சீல் வேற குத்தியிருக்கே. நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

தன் சவுண்டுக்கு யாரும் இறங்கவில்லை, ஷைனி எழுதிக் கொடுத்த பேப்பருக்குத்தான் இறங்கினார்கள் என்பது ராஜாத்திக்கு அப்போதுதான் உறைத்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"இன்னா சார், அந்தப் பொண்ணாண்ட எகிர்ற? எழுதிக் குடுத்தாத்தான் எழுந்திருப்பேன்னு ரகளை பண்ணி வாங்குனது நானு. பேப்பர் உன் பாக்கெட்ல கீது, சரி. போட்டோ என் போன்ல கீது. இந்தப் பொண்ணு வேலை போச்சுன்னா, அந்தப் போட்டோ எங்க போவணுமோ அங்க போவும்."

ராமதாஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஷைனியிடம், "போய் அவங்களுக்கு ரசீது போட்டுக் கொடு" என்றார்.

ரசீதை நீட்டும்போது ஷைனி நிமிர்ந்து பார்க்கவில்லை. ராஜாத்தியும் நன்றி என்றெல்லாம் எதுவும் சொல்லவில்லை. சீட் கவர் கறுப்பில் வேண்டாம், சிவப்பில் போடு என்று மட்டும் அதட்டிவிட்டு வந்தாள்.

ரோட்டுக்கு வந்ததும் கோதண்டம் மெதுவாகக் கேட்டான். "அந்தப் பேப்பரை எப்ப போட்டோ எடுத்தே?"

"எங்க எடுத்தேன்?" என்றாள் ராஜாத்தி.