கூப்பிட்டும் போகாத ஆட்டம்

"கயிற்றை நான் இழுக்கமாட்டேன். வேற ஆளைப் பாருங்க."

க்ளியோஃபஸ் சொன்னதும், சூடான சாசேஜைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ப்ரென்னர் கல்லூரி ஸ்டேடியத்தின் வெளியே ஒரே கும்பல். ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. வண்டிகளின் பின்கதவைத் திறந்துபோட்டு ஆளாளுக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள்.

பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் சாம்பியன் ஆன வருஷங்கள் எல்லாம் ஸ்டேடியச் சுவரில் ஆளுயர எழுத்தில் இருந்தன. கடைசியில் இத்தனை காலம் கழித்து இப்போதுதான் எழுதிய ஒன்று, துணி போட்டு மூடியிருந்தது. 1955. அந்த வருஷத்து டீமில் உயிரோடு இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து கயிற்றை இழுத்துத் துணியை இறக்குவதுதான் அங்கே வழக்கம். ஒருவர் முரண்டு பிடித்தாலும் துணி இறங்காது.

க்ளியோஃபஸ் முரண்டு பிடிக்கவே வந்திருந்தார்.

"ஏன்டா க்ளியோ, நாப்பது வருஷமா எட்டிப் பார்க்காதவன் இன்னிக்குக் கலாட்டா பண்ணத்தான் வந்தியா?" என்றார் லாய்ட். அந்தக் காலத்தில் பந்தோடு ஓடும் க்ளியோஃபஸுக்கு வழி விலக்க, எதிராளிகளை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடியவர். இப்போது தொப்பைதான் முன்னால் ஓடியது.

"கலாட்டா இல்லடா, நியாயத்தைச் சொல்றேன். அந்த வருஷம் நாம ஒரு ஆட்டம் கூடத் தோக்கல. வாஸ்தவம். அப்புறம் புத்தாண்டு அன்னிக்குப் பெரிய ஆட்டம் ஆட வாங்கன்னு தெற்கு மாநிலத்துலேர்ந்து கூப்பிட்டாங்க. போனோமா? கூப்பிட்ட ஆட்டத்துக்குப் போகாதவனுக்குச் சாம்பியன்னு சுவத்துல எழுத என்ன தகுதி?"

எதிர் டீமின் மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் போகிற போக்கில் காது கொடுத்துக் கேட்டுவிட்டான்.

"பெருசு கரெக்டா சொல்லுது. இதைத்தானே நாங்களும் காலங்காலமா சொல்றோம். பேருதான் பெத்த பேரு."

லாய்டுக்கு முகம் சிவந்துபோனது. க்ளியோஃபஸுக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

அந்த ஆட்டத்தை அவர் மறந்த நாளே கிடையாது. கக்கத்தில் பந்தை இடுக்கிக்கொண்டு அவர் ஓட ஆரம்பித்தால் பிடிக்க ஆள் இல்லை என்று பேப்பரில் எழுதிய வருஷம் அது. பணம் கொடுத்து ஆட வைக்கும் பெரிய டீம்காரர்கள் எல்லாம் அந்த ஆட்டத்தைப் பார்க்க வருவார்கள் என்று பேச்சு. மகன் ஆடுவதைக் கேட்கவென்று அம்மா ரேடியோவுக்குப் புது பேட்டரி வாங்கி வைத்திருந்தாள்.

ஆட்டமும் இல்லை, அதன்பிறகு யாரும் கூப்பிடவும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு டிரில் சொல்லிக் கொடுத்தே காலம் போய்விட்டது.

இன்னும் கனவு வரும். இடது பக்கக் கோட்டை ஒட்டி ஓடிக்கொண்டே இருப்பார். விழித்ததும் கால் வலிக்காது, நெஞ்சுதான் வலிக்கும். அந்த ஒரு சாயங்காலத்தைத் திருப்பிக் கொடுப்பார்களானால் மிச்ச ஆயுளை எழுதிக் கொடுத்துவிடுவார். அவ்வளவு ஏக்கம்.

கெடுத்தது கேப்டன் வெண்டல். க்ளியோஃபஸ் கல்லூரி மெஸ்ஸில் தட்டுக் கழுவப் போயிருந்த நேரமாகப் பார்த்து டீமைக் கூட்டி, ஓட்டுக்கு விட்டு, போகவேண்டாம் என்று முடிவு பண்ணியவன். ஏன் என்று கேட்டதற்கு, "தோத்துட்டா பேரு போயிடும்னு பயமா இருக்கு, போதுமா?" என்றான். அன்றோடு பேச்சு முறிந்தது.

அதே வெண்டல் இப்போது கைத்தடியை ஊன்றிக்கொண்டு கயிற்றுப் பக்கத்தில் நின்றார்.

"அவன் சொல்றது சரிதான் லாய்ட். நாம பயந்தோம். துணி அப்படியே இருக்கட்டும்."

"கேட்டுக்கோ" என்றார் க்ளியோஃபஸ். "அவனே ஒத்துக்கிறான்."

"என்னத்தை ஒத்துக்கிறான்?" லாய்ட் தட்டை வண்டிமேல் டமாரென்று வைத்தார். "எங்களுக்கு மட்டும் ஆசை இல்லையாடா? எங்கப்பா ஊர் பூரா தம்பட்டம் அடிச்சு வச்சிருந்தாரு. அவர் சாகிற வரைக்கும் என்னைக் கோழைன்னுதான் நினைச்சாரு."

"லாய்ட், வாயை மூடு" என்றார் வெண்டல்.

"போதும் கேப்டன், மூடினது போதும். டேய் க்ளியோ, கூப்பிட்டவங்க என்ன சொன்னாங்கன்னு தெரியுமா? 'எல்லாரும் வாங்க, உங்க கறுப்புப் பையனை மட்டும் ஊர்லயே விட்டுட்டு வாங்க'ன்னு சொன்னாங்க. உன்னை விட்டுட்டுப் போறதுக்கு ஒருத்தன்கூடக் கை தூக்கல."

யாரோ அடுப்பில் போட்டது கருகிய வாடை வந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

க்ளியோஃபஸ் வெண்டலின் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கே கேட்டேனே. என்னாலயாடான்னு கேட்டேனே."

"கேட்டே. உனக்கு ரொம்பத்தான் நினைப்புன்னு திட்டி அனுப்பினேன்."

"நாப்பது வருஷம் உன் மூஞ்சியில முழிக்கல நான். சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா. எதுக்குப் பயம்னு பொய் சொன்னே?"

"பொய் இல்ல க்ளியோ. நிஜமாவே பயந்தோம்" என்றார் வெண்டல். "உன்கிட்ட சொல்லியிருந்தா, நீ சிரிச்சுக்கிட்டே 'பரவாயில்லடா, நீங்க போய் ஆடிட்டு வாங்க'ன்னு சொல்லியிருப்பே. நாங்களும் போயிருப்போம்."