கறைப்பல் ஊர்

"எங்க ஊரை வெட்டி எறிஞ்ச அந்தப் புண்ணியவான் யாரு?"

கையிலிருந்த தாளை மேசைமேல் போட்டுவிட்டுப் புதுசு கேட்டாள். அவ்வளவு கோபத்திலும் இடது கை வாயை மறைத்தபடியேதான் இருந்தது.

அறிவியல் ஆலோசனைப் பிரிவில் அவளுடையது கடைசி நாற்காலி. வந்து ஆறு மாதம் ஆகியும் 'புதுசு' என்ற பெயர் போகவில்லை. விஞ்ஞானிகள் கட்டுக்கட்டாக எழுதித் தள்ளுவதை, குழு உறுப்பினர்கள் காபி ஆறுவதற்குள் படித்து முடிக்கிற மாதிரி ஒரே பக்கமாக வடித்துக் கொடுக்க வேண்டும். அதுதான் வேலை.

இன்றைய பக்கம் குடிநீரைப் பற்றியது. பல்லில் கறை ஏற்றும் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்களில் எங்கெல்லாம் முதலில் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது என்று குழு மதியம் முடிவு செய்யப்போகிறது. அந்த ஒற்றைப் பக்கத்தில் இடம்பெறாத ஊர் குழுவின் கண்ணில் படாது.

அவள் எழுதிக் கொடுத்தும், மூன்றாவது முறையாக அவள் ஊர் அதிலிருந்து காணாமல் போயிருந்தது.

"வேற யாரு, கத்தரிதான்," என்றாள் பக்கத்து மேசை அக்கா. "சொந்தப் பேரையே பாதியா வெட்டிக் கையெழுத்துப் போடுற மனுஷன். விடுடி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"அடுத்த வருஷம் ஆகாதுக்கா. ஊர்ல எங்க அக்கா பொண்ணுக்கு இப்ப ரெண்டு வயசு."

"ரெண்டு வயசுப் பிள்ளைக்கும் குழுவுக்கும் என்னடி சம்பந்தம்?"

"பால் பல் விழுந்து முளைக்குமே, அந்தப் பல்லெல்லாம் இப்பவே ஈறுக்குள்ள உருவாகிட்டு இருக்கு. இப்பக் குடிக்கிற தண்ணிதான் அதுல இறங்கும். அவளாவது கையை எடுத்துட்டுச் சிரிக்கணும்க்கா."

அக்காவுக்கு அதற்குமேல் கேலி வரவில்லை. "போ, போய்க் கேளு," என்றாள்.

கத்தரி என்பது தலைமை ஆலோசகருக்கு ஆபீஸ் வைத்த பெயர். உதட்டை மூடிய மீசை. அவர் சிரித்து அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. பேசினால் மீசைக்குள்ளேயே பேசுவார்.

"நீ எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும்," என்றார், அவள் அறைக்குள் நுழைந்ததுமே. " அது உன் சொந்த ஊர்."

"ஆமா சார். நான் மறைக்கலையே? 'தொகுத்தவர் இந்த ஊர்க்காரர்'னு அடியிலேயே போட்டிருக்கேன். சொல்லிட்டு எழுதலாம், மறைச்சாத்தான் தப்பு. அதுதானே சார் விதி?"

"வேண்டியவங்களுக்கு ரெண்டு கரண்டி சேர்த்துப் போட இது பந்தி இல்லம்மா."

"சேர்த்துக் கேக்கலை. அளவைப் பாருங்க. இந்தத் தாள்ல இருக்கிற எல்லா ஊரையும்விட எங்க தண்ணியிலதான் அதிகம். என் ஊரா இல்லாம இருந்தா முதல் வரியா வந்திருக்கும். ஆளைப் பார்த்து வெட்டுறதும் ஓரவஞ்சனைதான் சார்."

"இடமில்லை."

"மூணு வரி வேண்டாம். ஒரு வரி குடுங்க."

"முடியாது."

"அரை வரி? ஊர்ப் பேரும் அளவும் மட்டும்?"

"கத்திரிக்காய் பேரமா நடக்குது இங்க?" கத்தரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த ஊர்க்காரின்னு தெரிஞ்சா அப்புறம் நீ என்ன எழுதினாலும் யாரும் பார்க்க மாட்டாங்க. உன் பல்லைத்தான் பார்ப்பாங்க."

புதுசுக்குச் சுருக்கென்றது.

பள்ளிக்கூடப் படம், கல்லூரிப் படம், அக்கா கல்யாணப் படம். எல்லாவற்றிலும் உதட்டை இறுக்கிக்கொண்டு, யாரோ திட்டியது மாதிரி நிற்பாள். பல் தெரியச் சிரித்த முகத்தோடு ஒரே ஒரு படம் வேண்டும் என்று அவள் ஏங்கியது அவளுக்குத்தான் தெரியும். கண்ணாடி முன்னால்கூட அவள் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

மெதுவாகக் கையை இறக்கினாள். அந்த ஆபீசில் முதல் தடவையாக அவளுடைய பழுப்புப் பற்கள் வெளிச்சத்துக்கு வந்தன.

"பார்க்கட்டும் சார். நீங்களும் பாருங்க. நீங்க வெட்டின பத்தி இதுதான்."

அவர் பார்த்தார். திட்டு விழும் என்று காத்திருந்தாள். தழைந்த குரல்தான் வந்தது.

"பள்ளிக்கூடத்துப் பின்னாடி இருக்கிற கிணறா? இன்னும் அந்தத் தகர மூடிதான் கிடக்கா?"

"ஆமா சார், ஓட்டை விழுந்து..." என்றவள் பாதியில் நிறுத்தினாள்.

பத்தியில் கிணறு என்ற சொல்லே கிடையாது.

அவர் கை அவசரமாக மீசைக்குப் போனது. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். கொத்தனார் மட்டம் பார்த்துப் பதித்த ஓடுகள் மாதிரி, ஒரே அளவில், ஒரே வெள்ளையில் ஒரு வரிசை. அதில் ஒரு பல்கூட அவரோடு பிறந்ததில்லை.

"எல்லாம் கட்டினது," என்றார். "அந்தக் காலத்துல 'கறைப்பல் ஊரா'ன்னு கேட்டு, இல்லைன்னாத்தான் வேலையே குடுப்பாங்க. வேற ஊர் சொல்லித்தான் உள்ளே வந்தேன். இத்தனை வருஷம் சொந்த ஊர்ப் பேரு என் மேசையைத் தாண்டினதில்லை."

வெளியே குழு அறையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

புதுசு தாளை அவர் முன்னால் நகர்த்தினாள். பேனாவைத் திறந்து மேலே வைத்தாள். இந்த முறை கை வாய்க்குப் போகவில்லை.

"அடியில என் பேருக்குப் பக்கத்துல உங்க பேரையும் எழுதுங்க சார், 'இந்த ஊர்க்காரர்'னு. ஊர்ல எங்க அக்கா பொண்ணுக்கு ரெண்டு வயசு, அவளுக்காவது சொந்தப் பல்லு இருக்கட்டும். நம்ம ஊரை வெட்டின கையாலேயே திரும்ப எழுதி, எடுத்துட்டுப் போய்க் குழு முன்னால வைங்க."