ஏமாறாத அஞ்சாம் நம்பர்

"அஞ்சாம் நம்பரைச் சரிபண்ணும்மா," என்றார் மேலாளர், புதிய கால்பந்து வீடியோ கேமை நிறுத்திவிட்டு.

"என்ன சார் தப்பு?" என்றாள் அதை எழுதிய புரோகிராமர்.

"எதிரணியில ஒருத்தி 'எனக்குப் போடு'ன்னு சும்மா கத்துறா. தடுக்க நிக்கிறவங்க எல்லாரும் ஏமாந்து அவ பக்கம் ஓடுறாங்க. இந்த அஞ்சாம் நம்பர்காரி மட்டும் அசையாம, பந்து வெச்சிருக்கறவ காலையே பாத்து பாஸைப் பறிச்சிடறா. நிஜத்துல யாரும்மா இப்படி ஆடுவாங்க?"

"எங்க அக்கா சார். அவ ஆடின மேட்ச் வீடியோவைப் பாத்துத்தான் இவளை உருவாக்கினேன்."

"எவ்வளவு கெட்டிக்காரியா இருந்தாலும் ஒரு தடவையாவது ஏமாற மாட்டாங்களா?"

"எல்லா டீமும் தொண்டை கிழியக் கத்திப் பாத்தாச்சு சார்." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேக்காது."