ஸ்டேஷன் மாஸ்டர் வரும் காட்சி

அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் டிஸ்க் பெட்டி மொத்தமே முந்நூறுதான் போட்டார்கள். ஒவ்வொன்றின் மேலும் தங்க நிறத்தில் ஓர் எண். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரே வாரம் ஓடி, அப்புறம் பிரதியே இல்லாமல் அழிந்துவிட்டதாக எல்லோரும் நம்பியிருந்த படம். ஏதோ ஒரு கிடங்கில் கிடைத்ததைத் துடைத்துத் துலக்கி வெளியே விட்டிருந்தார்கள். ஊரில் அதை விற்றது ஒரே ஒரு கடை. அங்கே வந்தது ஐந்து பெட்டி.

கடைக்காரர் வியாபாரத்தில் புலி. முதல் பெட்டியை இரண்டாயிரத்துக்கு விற்றார். விற்ற கையோடு மீதி நான்கின் விலையை மூவாயிரமாக்கினார். இன்னொன்று விற்றதும் நாலாயிரம்.

பிறகு ஒன்று திருடு போயிற்று. அன்று சாயங்காலமே விலையை ஐயாயிரம் என்று மாற்றி எழுதினார்.

"திருடு போனதுக்குமா விலை ஏறும்?" என்றாள் கல்லாவில் உட்காரும் தங்கை.

"எப்படிப் போனா என்ன? குறைஞ்சது குறைஞ்சதுதானே."

அடுத்த வாரம் இன்னொன்றும் காணாமல் போனது. கடைசிப் பெட்டிக்கு எட்டாயிரம் என்று எழுதினார்.

"அண்ணே, இப்படியே போனா கடைசியில நம்மகிட்ட விலை மட்டும்தான் மிஞ்சும்."

"இது சில்லறைத் திருடன் வேலை இல்ல. வெளியில பத்து மடங்குக்கு விக்கிற கும்பல்" என்ற அண்ணன், ஸ்டோர் ரூம் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கும்பல் வந்தது. கும்பலுக்கு வயது எழுபது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஆனால் கையில் குடை. இடமும் வலமும் பார்த்தது. பெட்டி குடைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. கடைக்காரர் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"மத்த ரெண்டையும் எங்க வித்தீங்க?" ஸ்டோர் ரூமில் விசாரணை நடந்தது.

"விக்கல தம்பி. ஒண்ணு பையனுக்காக எடுத்தேன். ஒண்ணு பொண்ணுக்காக. இது என் வீட்டுக்காரிக்காக."

"போலீசைக் கூப்பிடவா?"

"வேண்டாம் தம்பி. வீட்டுக்குத் தெரிஞ்சா நான் தலை காட்ட முடியாது." பெரியவரின் குரல் உடைந்தது. "அந்தப் படத்துல ரயில் புறப்படுற காட்சி ஒண்ணு இருக்கு. பச்சைக் கொடியோட ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வருவார். என் வீட்டுக்காரி என்னைக் கட்டிக்கிட்டதே அந்த ஸ்டேஷன் மாஸ்டருக்காகத்தான்."

கடைக்காரரின் பிடி தளர்ந்தது.

"படம் கிடைச்சிடுச்சுன்னு கேள்விப்பட்டதிலேருந்து வீட்டுல யாருக்கும் இருப்புக் கொள்ளல. வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு எழுபது முடியுது. குடும்பமே உக்காந்து பார்க்கணும்னு துடிக்குது. என் பென்ஷன் ஒன்பதாயிரம். நீங்க எட்டாயிரம்னு எழுதிட்டீங்க."

தங்கை மூக்கை உறிஞ்சியபடி அண்ணனை முறைத்தாள். விலை எழுதிய அட்டையை எங்கே ஒளிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஐயா, அந்தக் காட்சியை இப்பவே டிவியில போட்டுப் பார்க்கலாமே" என்று பெட்டியை எடுத்தாள் தங்கை.

பெரியவர் பதறிப்போய் அதைப் பிடுங்கினார். "சீலை உடைக்காதேம்மா. உடைச்சா மதிப்புப் போயிடும்."

"விஷயம் தெரிஞ்சவர்" என்று உருகினார் கடைக்காரர். "வச்சுக்குங்கய்யா. காசு வேண்டாம். பழசையும் மறந்துடறேன்."

"இன்னும் வருமா தம்பி?"

"வராதுங்க. முந்நூறோட சரி. இனிமே போட மாட்டாங்க."

பெரியவர் கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டார். "நீங்க நல்லா இருக்கணும்."

வாசல்வரை வந்த தங்கை, "பார்த்துப் போங்க, ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா" என்றாள்.

அவர் பார்த்துத்தான் போனார். ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்று, இடமும் வலமும் பார்த்துவிட்டு, பெட்டியைத் தண்ணீருக்குள் போட்டார். முந்தைய இரண்டையும் போட்ட அதே இடம்.

நாற்பத்தைந்து ஆண்டுகளாக வீட்டில் ஸ்டேஷன் மாஸ்டராக நடித்து வந்தவர் அவர்தான். படத்தில் நடித்தவர் வேறு யாரோ.