இருபத்தொரு முறை

"நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டுப் பேசுங்க, நம்பர்ல பார்த்தீங்கன்னா..."

"மூணு மாசமாக் கேட்டுட்டுத்தானுங்க சார் இருக்கறேன், இன்னைக்கு நீங்க..."

இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. இந்தச் சண்டை அங்கே யாருக்கும் கேட்காது.

அவன் அந்தப் பனியன் கம்பெனிக்குப் புது மேனேஜர். அவள் இரண்டாவது தையல் லைனின் சூப்பர்வைசர். பதினாறு வருடம்.

கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

முன்பு அவளுடைய லைனில் நாளுக்கு எண்பது முறை கழிவறைக்குப் போனார்கள். அதற்கு டோக்கன் வந்த பிறகு இருபத்தொன்று. தைத்து முடிக்கும் பீஸ் நூறு கூடியிருக்கிறது. மனுசங்களைப் புரிஞ்சுக்கணும் என்றான். கவனிக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் எல்லோரும் ஒழுங்காக இருப்பார்களாம். படித்திருக்கிறான். நாளையிலிருந்து மற்ற நான்கு லைன்களுக்கும் டோக்கன்.

முப்பது பெண்களுக்கு ஒரே டோக்கன். சிவப்பு பிளாஸ்டிக் அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஆண்கள் நிற்கும் கட்டிங் மேசைகளைத் தாண்டிப் போக வேண்டும்.

தன் லைனில் தைக்கும் மயிலாத்தாள் மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்றாள் அவள். சிறுநீரகத்தில் கிருமி. குளிர் காய்ச்சல்.

அவன் வருத்தப்பட்டான். கம்பெனி சார்பாக ஹார்லிக்ஸ் வாங்கிப் போகச் சொன்னான்.

"லைன்ல யாரும் ஒழுங்காயிடலீங்க. தண்ணி குடிக்கறதை நிறுத்திட்டாங்க."

அதெப்படி, எல்லோர் பக்கத்திலும் பாட்டில் இருக்கிறதே, தானே பார்த்திருக்கிறேனே என்றான்.

இருக்கிறது. காலையில் நிரப்பிக் கொண்டுவருவது என்றாள். சாயங்காலம் வண்டி ஏறும்முன் கேட்டருகே இருக்கும் குரோட்டன்ஸ் செடிகளுக்கு அப்படியே ஊற்றிவிடுகிறார்கள்.

போன மாதம் மீட்டிங்கில் அந்தச் செடிகளுக்காகத் தோட்டக்காரரைப் பாராட்டியவன் அவன்தான்.

அவன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பிறகு, மேலே சொல்லியாகிவிட்டது என்றான். சர்க்குலர் கையெழுத்தாகிவிட்டது. அடுத்த மாதம் பார்க்கலாம்.

அவன் மேல் மட்டுமல்ல அவள் கோபம்.

டோக்கனைக் கொடுத்து வாங்கியவள் அவள். போன வாரம் மயிலாத்தாள் இரண்டாவது முறை வந்து நின்றபோது, இப்பத்தானே போனே என்றவளும் அவள்தான். மயிலாத்தாள் திரும்பிப் போய் உட்கார்ந்து தைத்தாள்.

யார் போனார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள், எல்லாம் சூப்பர்வைசரான அவள் கையெழுத்தில்தான் நோட்டில் இருக்கிறது.

அந்த நோட்டை அவன் மேசைமேல் விரித்தாள். புதுப் பக்கம். தேதி போட்டாள். கீழே அவன் பெயரை எழுதினாள், நிதானமாக, இனிஷியலோடு.

அறையை ஒட்டியே அவனுக்கென்று ஒரு கழிவறை. கதவு பாதி திறந்திருந்தது.

பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் நிமிர்ந்தாள்.

"காலையில இருந்து எத்தனை தடவைங்க சார்?"