சரளைப் பாதையில் வடிவின் சைக்கிள்

வடிவு வேலையில் சேர இன்னும் பதினொரு நாள் இருந்தது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்த வருடம் அது. வேலை கிடைத்த உப்பள ஆய்வுக்கூடத்துக்குக் காலையில் பஸ் கிடையாது. வடகால் வாய்க்கால் கரையின் சரளைப் பாதைதான் வழி. போயே தீருவது என்று வடிவு தினமும் விடிந்ததும் அண்ணனின் சைக்கிளை எடுத்து ஓட்டிப் பழகினாள். அண்ணன் மனைவி இசக்கித்தாய் கேரியரைப் பிடித்துக்கொள்ளப் பின்னால் ஓடினாள்.

“விட்டுராதிய மதினி!”

“புடிச்சிருக்கேன்ளா. நெல்லு மூட்டகூட ஒன்ன மாரி ஆடாது. மிதி!”

சக்கரம் சரளையில் வழுக்கும்போதெல்லாம் கேரியரை ஒரு கை இழுத்து நிமிர்த்தியது. திரும்பினால் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் வடிவு ஒருநாளும் பின்னால் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் மூன்று மைல் மிதித்தாள். மடைத் திருப்பத்தில் முன்சக்கரம் தண்ணீரை நோக்கிச் சறுக்கியது. பின்னாலிருந்து ஒரே இழுப்பு. சைக்கிள் கரை விளிம்பில் நின்றது.

“நல்லவேள புடிச்சிய மதினி.”

வெகுநேரம் கழித்துத் தொலைவில் செருப்புச் சத்தம் கேட்டது. இசக்கித்தாய் மூச்சிரைக்க வந்து முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். வடிவின் இரண்டு கால்களும் இன்னும் பெடலில்தான் இருந்தன. சைக்கிள் சாயவில்லை.

“யாருளா புடிச்சா?” என்றாள் மதினி. “சொன்னா நீ ஓட்டமாட்டேன்னுதான் சொல்லல. நான் மொத நாளே கைய எடுத்துட்டேன்.”